சக்கரம் வைத்த கூடம்

ஜனவரி 9
பல்கலைக்கழகக் குடியிருப்பு

அன்புள்ள வாலு,

இங்கே எல்லோரும் நலம், என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர. உன் இருமல் விட்டதா? சுடுதண்ணீர் குடி என்றால் குடிக்கமாட்டாய், அதனால் சொல்லவில்லை.

போனில் பேசினால் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று போன மாதம் முடிவெடுத்தோமே, அதன்படி இது முதல் கடிதம். அன்றைக்கு முதலில் போனை வைத்தது யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. உனக்கே தெரியும்.

சேதி இதுதான்: கொட்டகை கிடைத்துவிட்டது! பல்கலைக்கழகத்தின் பின்பக்கம் பேருந்துகள் நிறுத்தும் கொட்டகை ஒன்று இருந்தது. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. நல்ல உயரமான கூரை. தரையெல்லாம் எண்ணெய்க் கறை. பேருந்துகளுக்கு வேறு இடம் கட்டிவிட்டதால் அது காலி. அதில் நவீன உற்பத்தி படிக்கும் மாணவர்களுக்குக் கூடம் அமைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருடமாகப் பாடம் நடத்துகிறேன், ஓர் அறை எப்படி இருக்க வேண்டும் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. அன்று சைக்கிளை மறந்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஆய்வகங்களை நீ பார்த்ததில்லை. த்ரீ டி பிரிண்டர் ஓர் அறையில், லேசரில் வெட்டுவது ஓர் அறையில், ரோபோ கை இன்னோர் அறையில். ஒவ்வொரு பூட்டின் சாவியும் ஒவ்வொருவரிடம். பையன்களும் பெண்களும் இயந்திரத்தைச் சுற்றி நிற்பார்கள். பின்வரிசைக்குத் தெரிவதெல்லாம் முன்வரிசையின் முதுகுதான். எனக்கு வேண்டியது ஒரே கூடம். காலையில் உட்கார்ந்து வரைய வேண்டும், அங்கேயே செய்ய வேண்டும், அங்கேயே அளந்து பார்த்து, தப்பாகியிருந்தால் அங்கேயே நின்று வாதாட வேண்டும். அதற்குத் தக்கபடி கூடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு சிக்கல். தேர்வுத் துறைத் தலைவருக்கும் அந்தக் கொட்டகை மேல் ஒரு கண். அவரை எல்லோரும் வரிசை சார் என்போம். எதைப் பார்த்தாலும் வரிசையில் வைக்கப் பார்ப்பார். மே மாத முடிவுக்குள் கூடம் ஓடுகிறது என்று நான் காட்டாவிட்டால், பெஞ்சுகளைத் தரையோடு போல்ட் போட்டு அதைத் தேர்வு அறையாக்கிவிடுவார். இடம் ஒதுக்கும் பல்கலைக்கழகக் குழுவும் அதற்குச் சம்மதித்துவிட்டது.

விளக்கு அணைந்து எரிவதற்குள் நாடக மேடையில் அரண்மனையைச் சந்தையாக்குகிறவள் நீ. எனக்குச் சொல், எங்கே ஆரம்பிப்பது?

ஆவலோடு,
அக்கா


ஜனவரி 21
மேடைக்குப் பின்னால்

அன்புள்ள அக்கா,

இருமல் விட்டது, மூக்கு பிடித்துக்கொண்டது. மொத்தத்தில் நலம். உன் முழங்காலையும் அத்தானையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தை இடைவேளையில் படித்தேன். ராஜா வேடக்காரர் எட்டிப்பார்த்து, "என்ன இவ்வளவு சந்தோஷம்?" என்றார்.

"எங்க அக்காவுக்கு பஸ் ஷெட் கிடைச்சிருக்கு."

"அடப்பாவமே, இருந்த வீடு என்ன ஆச்சு?"

வரைபடத்தில் ஆரம்பிக்காதே. டேப்பில் ஆரம்பி. கலர் கலராக டேப் வாங்கிக் கொட்டகைத் தரையில் நிஜ அளவுக்கே ஒட்டு. இயந்திரங்களை அட்டைப்பெட்டியில் செய். பிறகு மனிதர்களை உள்ளே விடு. காகிதத்தில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். ராணி அந்தப் பெரிய பாவாடையோடு நுழையும்போதுதான் கதவு சின்னது என்று தெரியவரும்.

மின்சாரம் மேலிருந்து வரட்டும். எங்களுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் குழாய்கள் உண்டு, விளக்குகளும் ஒயர்களும் அதில்தான் தொங்கும். உனக்கும் அதேதான். தரையில் ஒயரை ஓடவிட்டுவிட்டு மேஜைக்குச் சக்கரமும் வைத்தால் இரண்டும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தாது.

எல்லாவற்றையும் நகர்த்தலாம் என்றும் நினைக்காதே. எங்கள் மேடையில் ஒன்றாவது நகராமல் நிற்கும். அதைப் பார்த்துத்தான் மற்றதெல்லாம் எங்கே என்று கண் கண்டுபிடிக்கும். உன்னிடம் ரொம்பக் கனமான இயந்திரம் எது? அது நிற்கட்டும்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். ஓர் ஆளைப் போடு. சக்கரம் வைத்ததாலேயே மேஜை தானாகப் போய் நிற்காது. எது எப்போது எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டும், அதுவே அவர் வேலையாக இருக்க வேண்டும். பத்து வேலைக்கு நடுவில் பதினோராவதாக இருக்கக் கூடாது. இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண் செலவு.

மணி அடித்துவிட்டார்கள். அரண்மனையைக் கலைக்கப் போக வேண்டும்.

அன்புடன்,
வாலு

முதலில் போனை வைத்தது நீ.


பிப்ரவரி 10
பல்கலைக்கழகக் குடியிருப்பு

அன்புள்ள வாலு,

மூக்கு திறந்ததா? என் முழங்கால் உன் விசாரிப்பைக் கேட்டுக்கொண்டது, பதில் சொல்லவில்லை.

எழுத உட்கார்ந்தால் கை பரபரக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கொட்டகைக்குள் விட்டேன். டேப் ஒட்டினோம். கடைகடையாகப் போய் அட்டைப்பெட்டி வாங்கி வந்து இயந்திரம் செய்தோம். ஒருவன் ரோபோ கையாக நடித்தான். கையை நீட்டிச் சுழற்று என்றேன். சுழற்றினான், கதவைத் திறந்து வந்த எங்கள் துறைத்தலைவரின் கண்ணாடி பறந்தது. "இது என்ன பாடம்?" என்றார். "ரோபோவ இங்க வைக்கக் கூடாதுங்கற பாடம் சார்" என்றாள் ஒரு பெண். நிஜக் கையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன்.

தூள் பறக்கும் வெட்டு வேலைக்குப் பக்கத்திலேயே அளவுக் கருவிகளை வரைந்திருந்தேன். அட்டை இயந்திரத்தை ஓட்டியவன் சும்மா இருக்காமல் காகிதத் துணுக்குகளை அள்ளி வீசினான், எல்லாம் அளவு மேஜையில் போய் விழுந்தது. வேஷம் கட்டியதில் அவனுக்கு அவ்வளவு குஷி. எனக்கு என் வரைபடத்தின் முட்டாள்தனம் தெரிந்தது. டேப்பைப் பிய்த்து வேறிடத்தில் ஒட்டினோம். பிய்த்தோம், ஒட்டினோம். இப்போது வளாகம் முழுக்க எனக்கு டேப் மேடம் என்று பெயர்.

வீட்டிலும் ஒரு சோதனை. சாப்பாட்டு மேஜைக்குச் சக்கரம் பொருத்திப் பார்த்தேன். உன் அத்தான் முழங்கையை ஊன்றிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், மெல்ல அப்படியே ஜன்னல்வரை போய்விட்டார். "வெளியூர் போறதா இருந்தா சொல்லிட்டுப் போகக்கூடாதா?" என்றேன். இன்னும் பேசவில்லை.

நீ சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்கவில்லை. அந்த ஆள். துறைத்தலைவரிடம் வாயெடுத்தேன், "மேஜை தள்ள ஒரு ஆளா? அதுக்குச் சம்பளமா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மாணவர்களுக்குக் கை இல்லையா என்ன? தள்ளிக்கொள்வார்கள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

வரைபடம் அடுத்த வாரம் குழுவுக்குப் போகிறது. வேண்டிக்கொள்.

அக்கா


மார்ச் 3
பல்கலைக்கழகக் குடியிருப்பு

அன்புள்ள வாலு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஊர் ஊராக நாடகமா?

குழு ஒப்புக்கொண்டது! வரிசை சார் மட்டும், "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். கொட்டகையில் கறையைச் சுரண்டுகிறார்கள். நான் தினமும் போய்ச் சும்மாவாவது நிற்கிறேன். வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு நேரம் ஒருத்தி நிற்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

நல்ல சக்கரம் எங்கே கிடைக்கும்? சீக்கிரம் எழுது.

அக்கா


மார்ச் 19
வீடு

அன்புள்ள அக்கா,

நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது. உன் வரைபடம் தேறியதில் ரொம்ப சந்தோஷம், நிஜமாகவே.

சக்கரம் வாங்காதே. இங்கே கொஞ்சம் சும்மா கிடக்கிறது, அனுப்புகிறேன். சாதாரணச் சக்கரம் இல்லை. பக்கத்தில் ஒரு மிதி இருக்கும். மிதித்தால் சக்கரம் மேலே ஏறிக்கொள்ளும், மேஜை ரப்பர் காலில் தரையோடு உட்கார்ந்துவிடும். பிறகு யானை வந்து முட்டினாலும் அசையாது. அத்தானுக்கும் நாலு சேர்த்து அனுப்புகிறேன், பாவம்.

மேஜை தள்ள ஆள் வேண்டாம் என்றால் வேண்டாம். உன் கூடம், உனக்குத்தான் தெரியும்.

இங்கே வேலை கொஞ்சம் குறைவு. நிறைய நடக்கிறேன். உடம்புக்கு நல்லதுதானே.

வாலு


ஏப்ரல் 5
பல்கலைக்கழகக் குடியிருப்பு

அன்புள்ள வாலு,

நடப்பது நல்லது, தொடர்ந்து நட. என் முழங்காலுக்கும் சொல்லிக்கொடு.

உன் சக்கரங்கள் என் உயிரைக் காப்பாற்றின. கடையில் வாங்கிய சக்கரங்களோடு ஒரு மேஜை முன்பே தயாராகியிருந்தது. அதில் த்ரீ டி பிரிண்டரை வைத்து ஒரு பற்சக்கரம் செய்யவிட்டோம். பக்கத்தில் வெட்டு இயந்திரம் ஓடியது. பிரிண்டர் அடுக்கடுக்காக வார்த்துக்கொண்டே போகும் இல்லையா, மேஜை நடுங்க நடுங்க ஒவ்வோர் அடுக்கும் முந்தின அடுக்கிலிருந்து துளித்துளியாக விலகிக்கொண்டே போய், கடைசியில் பற்சக்கரம் தூங்கி வழிகிறவன் தலைபோல ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஆளாளுக்குப் பிரிண்டருக்குப் போடும் பிளாஸ்டிக் இழையைக் குறை சொன்னார்கள், மென்பொருளைக் குறை சொன்னார்கள். அந்த நேரத்தில் உன் பெட்டி வந்தது. மாற்றிப் பொருத்தினோம். மிதித்தோம், மேஜை உட்கார்ந்தது. அடுத்த பற்சக்கரம் எண்ணெய் போட்டதுபோலச் சுற்றியது. கூட்டமாகக் கத்தினோம், காவலாளி ஓடி வந்தார்.

அடுத்து மேலே தொங்கவிடும் குழாய்கள். கடைக்காரர் சொல்லும் கனக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. எந்தக் குழாய் வாங்க வேண்டும்? ஏப்ரல் கடைசியில் குழு வந்து பார்க்கிறது. அன்றைக்குச் சின்னச் சின்னக் குறை இருந்தாலும் மே முடிவில் இன்னொரு முறை பார்ப்பார்கள், அதுதான் இறுதி.

அத்தான் மேஜை இப்போது அசைவதில்லை. பேச ஆரம்பித்துவிட்டார். முதல் வார்த்தை, "உப்பு எங்கே?"

அக்கா


ஏப்ரல் 16
வீடு

அன்புள்ள அக்கா,

நலமே. அத்தானுக்கு உப்பைக் கொடு.

குழாயும் வாங்காதே. இங்கே உபரியாக இருக்கிறது. கொக்கிகள், கிளிப்புகள், ஒயர் சுருள்கள் எல்லாம் லாரியில் வரும். கறுப்புத் திரையும் கொஞ்சம் வைக்கிறேன். சத்தமான பக்கத்துக்கும் பேசுகிற பக்கத்துக்கும் நடுவில் தொங்கவிடு, சத்தத்தில் பாதியை அது விழுங்கிவிடும். குழாய் ஏற்றும்போது எங்கள் ஊர் மின்பணியாளர் ஒருவர் உன்னோடு இருப்பார். அவர் ஏறும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது. உன்னைத்தான் சொல்கிறேன்.

மாற்றும்போது ஒரே ஒருவர் சத்தமாகச் சொல்லட்டும். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. இதையாவது கேள்.

வாலு


மே 4
பல்கலைக்கழகக் குடியிருப்பு

அன்புள்ள வாலு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிறேன், இந்தத் தடவை உண்மையாகவே பதில் வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் மானம் போன கதை. குழு வந்தது. குழாய்கள் மேலே பளபளவென்று, ஒயர்கள் இறங்கி வர, கூடம் கண்ணுக்கு அவ்வளவு அழகு. நான் சின்ன உரை நிகழ்த்திவிட்டு, "இப்போ இந்த வகுப்பறை பட்டறையா மாறும்" என்றேன். மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து மேஜைகளைத் தள்ளினார்கள். உள்ளே வருவதும் வெளியே போவதும் நடுவில் முட்டி, முடிச்சு விழுந்த நூல்போல நின்றுவிட்டது. "நீ பின்னாடி போடா", "நான் ஏன் போகணும், நீ போ", "மேடம், இது எங்க?" வரிசை சாரின் ஷூ மேல் ஒரு மேஜை ஏறி, யாரோ பதற்றத்தில் அந்த மிதியை மிதிக்க, மேஜை அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அவர் காலை ஷூவிலிருந்து உருவிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். "பெஞ்சுக்கு போல்ட் போட்டா இந்த வம்பே இல்லம்மா" என்றார். கோபப்படக்கூட இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நீ இரண்டு தடவை எழுதியிருந்தாய். நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரண்டாவது லாரி வந்தது. இன்னும் குழாய்கள், இன்னும் திரை. எனக்கு ஒரே கொண்டாட்டம், "இவ்வளவு உபரியா!" என்றேன். ஓட்டுநர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உபரியா? அரங்கத்தையே கழட்டிட்டாங்களேம்மா. மார்ச்லயே மூடியாச்சு. இதான் கடைசி லோடு. அந்தம்மா தனியாளா நின்னு ஒவ்வொண்ணா துடைச்சுக் கட்டிக் குடுத்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு திரைச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். உன் கடிதங்களின் தலைப்பில் மேடைக்குப் பின்னால் என்பது வீடு என்று மாறியதைக்கூட நான் கவனிக்கவில்லை. உனக்கு வேலை போகவிருந்த சமயத்தில், மேஜை தள்ள ஆளா என்று சிரித்து எழுதியிருக்கிறேன்.

எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


மே 8
வீடு

அன்புள்ள அக்கா,

உண்மையான பதில்: பாதி நலம்.

ஆமாம், மூடிவிட்டார்கள். கட்டடத்தின் உரிமையாளர் விற்றுவிட்டார். என்ன வரப்போகிறது தெரியுமா? கார் நிறுத்துமிடம். உன் ஊரில் பஸ் ஷெட்டில் மேடைக் குழாய் தொங்குகிறது, என் ஊரில் மேடையில் கார் நிற்கப்போகிறது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அழுதுகொண்டேதான். சாமான்களைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். எங்கள் நாடகக் குழுவிலிருந்த எல்லோரும் சரி என்றதும் உனக்கு அனுப்பினேன். உன் கடிதங்கள் அவ்வளவு துள்ளிக்கொண்டு வந்தன, நடுவில் இதைச் சொல்லி உன்னை நிறுத்த மனம் வரவில்லை. உன் சிரிப்பு மேல் கோபமும் இருந்தது. இப்போது இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

வரிசை சாரின் ஷூவுக்காகக் கோபத்தில் பாதியைக் கழித்துவிட்டேன்.

இப்போது கவனமாகப் படி. முதலில் வெளியே போவது, அது முடிந்த பிறகுதான் உள்ளே வருவது. இரண்டும் ஒருபோதும் சேர்ந்து நடக்கக் கூடாது, எங்கள் தொழிலின் மொத்த ரகசியம் இவ்வளவுதான். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு நிறம், அது போக வேண்டிய இடத்தில் தரையில் அதே நிறம், தள்ளுகிறவர்கள் மணிக்கட்டில் அதே நிறம். யாரும் யோசிக்கக் கூடாது. சொல்கிறவர் ஒரு முக்காலி மேல் நிற்க வேண்டும், கதவும் கூடமும் ஒருசேரத் தெரிகிற இடத்தில். அந்த இடத்தையும் தரையில் குறிக்க வேண்டும். எங்களிடம் அது வெள்ளை டேப்.

இன்னொன்று. உன்னை எதிர்க்கிறவருக்கும் ஒரு காட்சி வை. எங்கள் கட்டட உரிமையாளருக்கு நாங்கள் அதைச் செய்யத் தவறிவிட்டோம்.

கடைசியாக: எனக்காக வேலை எதையும் உண்டாக்காதே. என் மேல் பரிதாபப்பட்டால் உடனே போனில் கூப்பிடுவேன், ஜாக்கிரதை.

வாலு


ஜூன் 2
பல்கலைக்கழகக் குடியிருப்பு

அன்புள்ள வாலு,

மீதிப் பாதியும் நலமாகியிருக்கும் என்று நம்புகிறேன். என் முழங்கால் குதித்ததில் இன்னும் வலிக்கிறது, ஆனால் பெருமையாக வலிக்கிறது.

மே முழுக்கப் பயிற்சி. கடைசி வாரம் குழு வந்தது. வரிசை சார் கதவோரமாகவே, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். நான் ஒரு நாற்காலி மேல் ஏறினேன். "வெளியே!" என்றேன். வரைபட மேஜைகள் ஒவ்வொரு நிறமாகச் சுவரோரம் போயின. ஒருவர்கூடப் பேசவில்லை, சக்கரச் சத்தம் மட்டும். நடுவில் வெறும் தரை. "உள்ளே!" பிரிண்டர்கள், லேசர், ரோபோ கை. "மிதி!" எல்லா மேஜைகளும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தன. மேலிருந்து ஒயர்கள் இறங்கின. திரை இழுபட்டது. துறைத்தலைவர் அப்போதுதான் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார், மாட்டிக்கொண்டு பார்த்தபோது வேறு அறையில் இருந்தார்.

பின்வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை. எல்லோர் கையிலும் ஏதோ ஒரு வேலை. அளந்து பார்த்த பெண் ஒருத்தி, "தப்பு! திரும்பச் செய்யணும்!" என்று கத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் தப்பை அறிவித்து நான் கேட்டதில்லை.

பிறகு உன் யோசனை. "வரிசை!" என்றேன். இயந்திரங்கள் திரைக்குப் பின்னால் போயின. மேஜைகள் நூல் பிடித்ததுபோல வரிசையாக வந்து நின்றன. வரிசை சார் மெதுவாக உள்ளே வந்து ஒரு மேஜையை இடுப்பால் இடித்துப் பார்த்தார். அசையவில்லை.

"இது தேர்வு அறை மாதிரியே இருக்கே."

"மாதிரி இல்ல சார். உங்களுக்கு வேணுங்கற நாள்ல இது உங்க அறைதான்."

"யாரும்மா இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"இதையே தொழிலா செஞ்ச ஒருத்தர்."

நாற்காலி மேல் நின்று கத்திக்கொண்டே பாடமும் நடத்த முடியாது என்று எனக்கு அன்றைக்கு உடம்பாலேயே புரிந்தது. குழுவிடம், கூடத்தை மாற்றி அமைப்பதற்கென்று ஒரு பணியிடம் வேண்டும் என்றேன். துறைத்தலைவர் பழைய கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. பதில் சொன்னது வரிசை சார். "ஆள் இல்லாம ஒரு தேர்வு நடத்திப் பாருங்க சார், அப்புறம் தெரியும். மேஜை இருந்தா மட்டும் அறை ஓடாது." அவர் வாயால்! கூடம் நமக்குத்தான் வாலு. போல்ட் கிடையாது. பணியிடத்துக்கும் சம்மதம் வந்துவிட்டது.

விளம்பரம் இந்த மாதம் எல்லோருக்குமாக வெளியாகும். ஆள் எடுக்கும் குழுவில் நான் இல்லை. கேட்டு விலகிக்கொண்டேன், காரணத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இதை ஒரு செய்தியாக மட்டும் எழுதுகிறேன். நான் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. பரிதாபமும் படவில்லை. போனில் கூப்பிடாதே.

அக்கா


ஜூலை 11
வீடு, மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில்

அன்புள்ள அக்கா,

நலம், முழுசாகவே. மூக்கு, இருமல், எல்லாம் சேர்த்து.

உனக்குச் சொல்லாமல்தான் விண்ணப்பித்தேன், சொல்லாமல்தான் நேர்காணலுக்கு வந்தேன். நீ வகுப்பில் இருந்த நேரமாகப் பார்த்து வந்து, உன் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் திரும்பினேன். அத்தானிடம் சொல்லிவிடாதே, வருத்தப்படுவார்.

நேர்காணலுக்கு என்னோடு சேர்த்து மூன்று பேர். எனக்கு முன்னால் போனவர் பெரிய தொழிற்சாலைக்காரர், பின்னால் ஒருவர் கிடங்கு மேலாளர். உன் துறைத்தலைவர், "இயந்திரங்கள் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

"ஒண்ணும் தெரியாது சார். எது எதுக்குப் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லுங்க. அது இருக்காம நான் பாத்துக்கறேன்."

எங்களைக் கூடத்துக்கு அழைத்துப்போய், முன்பின் தெரியாத மாணவர்களைக் கொடுத்து, ஆளுக்கொரு தடவை மாற்றிக்காட்டச் சொன்னார்கள். நான் முதலில் அவர்களை மேஜையில் கை வைக்கவிடவில்லை. "எல்லாரும் நம்ம பாதையை ஒரு தடவை வெறுங்கையோட நடந்துட்டு வாங்க" என்றேன். கிடங்குக்காரர் சிரித்தார். நடந்தார்கள். பிறகு மாற்றினார்கள். வரிசை சார் தன் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டார், அது பத்திரமாக இருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

உத்தரவு நேற்று வந்தது. வேலை எனக்குத்தான்! தெருவில் தபால்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் சைக்கிள் சாய்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மாணவர்கள் பாதை நடந்துகொண்டிருந்தபோது கதவுக்கு எதிர்ப்பக்கம் தரையில் வெள்ளை டேப்பில் ஒரு சின்னச் சதுரம் பார்த்தேன். புதிதாக ஒட்டியது இல்லை, ஓரமெல்லாம் அழுக்கேறியிருந்தது. அது எதற்கு என்று ஒரு பெண்ணைக் கேட்டேன்.

"முக்காலி வைக்கற இடம். அதுல யாரும் நிக்கக் கூடாதுன்னு டேப் மேடம் சொல்லியிருக்காங்க."

"எப்போ ஒட்டினது?"

"மே மாசம். ஏதோ கடிதம் வந்துச்சு, படிச்சுட்டு நேரா வந்து ஒட்டினாங்க. குழு வந்த அன்னிக்குக்கூட அவங்க அதுல நிக்கல, பக்கத்துல நாற்காலி போட்டுத்தான் நின்னாங்க. ஏன்னு கேட்டா, ஆள் வருவாங்கன்னாங்க."

அதன் பிறகு கொஞ்ச நேரம் நான் மேலே குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழாய்கள் நன்றாகத்தான் கட்டப்பட்டிருந்தன.

திங்கட்கிழமை சேர்கிறேன். வீடு பார்க்கும்வரை உன் வீட்டில்தான். எனக்குப் படுக்க அந்தச் சக்கர மேஜையைத் தராதே. இனிக் கடிதம் எழுத வேலை இருக்காது. நேரிலேயே சண்டை போடலாம், யாரும் போனை வைக்க முடியாது. முதல் சண்டையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வெள்ளைச் சதுரத்தைத் தப்பான இடத்தில் ஒட்டியிருக்கிறாய். அங்கிருந்து பார்த்தால் திரை கதவை மறைக்கிறது. வந்ததும் பிய்த்து ஓர் அடி இடதுபக்கம் ஒட்டுவேன். டேப் எடுத்து வை.

வாலு